பட்டும் பாட்டும் ஒரே கோப்பில்

2004 வாக்கில் எங்கள் பயமெல்லாம் சொந்தக் கணினியைப் பற்றித்தான். ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போய்விடும். வலைப்பூவில் ஏற்றிவிட்டால் எழுதியது பத்திரம் என்று நம்பினோம். இன்று அதே நண்பர்கள், வலையில் இருப்பதை இறக்கி வீட்டு டிஸ்க்கில் வைக்க வழி கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1999இல் வாங்கிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. ட்விட்டர் 2012இல் வாங்கிய போஸ்டரஸ் 2013 ஏப்ரலோடு நின்றது. ஜியோசிட்டீஸ் பக்கங்கள் பல இன்றும் படிக்கக் கிடைப்பது, ஜேசன் ஸ்காட்டின் ஆர்க்கைவ் டீம் போன்ற தன்னார்வலர்கள் முந்திக்கொண்டு நகலெடுத்ததால்தான்.

அப்படி நகலெடுக்கும் ஒரு திறமூலக் கருவிக்குத் திருத்தங்கள் எழுதத் தொடங்கினேன். பைத்தானில் எழுதப்பட்ட சிறு நிரல் அது. பதிவுகளை ஒவ்வொன்றாக இறக்கி, தலைப்பையே கோப்புப் பெயராக வைத்துச் சேமிக்கும். ஆங்கிலப் பதிவுகளுக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ்ப் பதிவுகளில் மட்டும் சேமித்த கோப்புகளின் எண்ணிக்கை பதிவுகளைவிடக் குறைந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

தலைப்பிலிருந்து நிறுத்தக்குறிகளை நீக்கும் வரியில் கோளாறு இருந்தது. எழுத்தும் எண்ணும் தவிர மற்றதைத் தள்ளு என்பது கட்டளை. பைத்தானின் கணக்கில் 'ப' எழுத்து. அதை ஒட்டிவரும் துணைக்கால் எழுத்தல்ல, சேர்க்கைக் குறி. கொம்பும் புள்ளியும் அப்படியே. எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டால் 'பட்டு' என்ற தலைப்பும் 'படட', 'பாட்டு' என்ற தலைப்பும் 'படட'. காஞ்சிப் பட்டைப் பற்றிய கட்டுரையின் மேல் தாலாட்டைப் பற்றிய கட்டுரை ஏறி உட்கார்ந்துவிடும். காப்பாற்ற வந்த கருவியே அழிக்கிறது, அதுவும் சத்தமில்லாமல்.

அன்று திருத்தம் அனுப்புவது கடிதம் எழுதுவதுபோல இருந்தது. டிஃப் எடுத்து மின்னஞ்சலில் இணைத்து, கருவியை எழுதியவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. இந்தக் குறிகள் போனால் என்ன என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். குறி போனால் சொல்லே வேறாகிவிடும் என்று உதாரணங்களோடு விளக்கி எழுதினேன். சேர்க்கைக் குறிகளையும் ஏற்றுக்கொள்ளும்படி அந்த வரி மாறியது. இந்திக்கும் வங்காளத்துக்கும் அதே நோய் இருந்ததால், அவையும் அதே மருந்தில் குணமாயின.

இன்று கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் சோதனைகள் தாமாகவே ஓடி, சில நிமிடங்களில் பச்சை டிக் விழுகிறது. இந்த வசதியை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சோதனைத் தொகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லையென்றால், தமிழ் உடைந்தாலும் அந்த டிக் பச்சையாகவே விழும். அதனால் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் முதலில் ஒரு தமிழ்ச் சோதனையை எழுதிவிடுகிறேன். தமிழ் படிக்கத் தெரிந்த நாம்தான் இதைச் செய்ய வேண்டும். வேறு யாருக்கும் இந்தப் பிழை கண்ணில் படாது.

நீளத் தலைப்பும் அப்படி ஒரு சிக்கல்தான். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கே 15 பைட் போய்விடும். 255ஆவது பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், இடைவெளிகளும் கலந்த தலைப்பில் ஓர் எழுத்தின் நடுவில் கத்தி விழலாம். எழுத்தெல்லை பார்த்து வெட்டும்படி அதையும் மாற்றினோம்.

படங்கள் தனிக் கவலை. வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் படத்தின் முகவரி இருக்கும், படம் இருக்காது. அதை இறக்கிச் சேர்ப்பது கருவியின் வேலை.

இப்போது கையில் இருப்பது யூனிகோடுக்கு முந்தைய பதிவுகள். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதப்பட்டவற்றைக் கருவி ஒரு பைட் சிதறாமல் சேமிக்கிறது. ஆனால் அதற்கான எழுத்துரு இல்லாதவருக்குத் திரையில் தெரிவது வெறும் கிறுக்கல். திஸ்கியில் ஒற்றைக் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்க்கு முன்னால் வரும். யூனிகோடில் பின்னால் வரும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே யூனிகோடு நகலை வைக்கும் திருத்தத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய திஸ்கிப் பதிவு வைத்திருப்பவர்கள் சோதனைக்குக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.