மலை கண்ட மாஸ்டர்

சமதரையான யாழ்ப்பாணத்தில் மலை என்று பெயர் சொல்லக் கிடப்பவற்றுள் பேர்போனது கீரிமலை. அதுவும் ஏறுவதற்கன்றி, படிவழியே கீழிறங்கிக் கேணியில் முழுகுவதற்கென ஏற்பட்ட ஸ்தலம். கோபுரத்தையும் பனையையும் தவிர அண்ணாந்து பார்க்க வேறொன்றுமில்லாத இப்பிரதேசத்தில், ஒருவர் ஒரேயொரு தரம் சிவனொளிபாத மலைக்குப் போய்வந்துவிட்டாரேயானால், அன்றுமுதல் அவர் வேறு மனிதர். ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பெரும்பாலும் பென்ஷன் பெற்ற உபாத்தியாயராய் இருப்பார். எங்கள் ஊரில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். ஓரிரவில் ஏறி மறுநாள் மத்தியானத்துக்குள் அடிவாரம் சேர்ந்துவிட்டதாக அவரே சொல்வாராயினும், இருபது வருஷமாகியும் மனிதர் இன்னும் இறங்கவில்லை என்பதே ஊராரின் அபிப்பிராயம்.

மார்கழிப் பனி லேசாக விழத் தொடங்கியதும் காதை மூடும் கம்பளித் தொப்பியோடும், அடிவாரத்தில் வாங்கிய ஊன்றுகோலோடும் அவர் வாசிகசாலைத் திண்ணைக்கு எழுந்தருளுவார். எந்தப் பேச்சும் அவரிடம் வந்தால் மேல்நோக்கியே போகும். அரிசி விலை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், "ஏற்றம் எண்டால் என்னவெண்டு தெரியுமோ?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை செத்தவீட்டில், "மனுசன் நல்லபடி கரையேறிவிட்டார்" என்று ஒரு கிழவி பெருமூச்சு விட, மாஸ்டர் தம்மை மறந்து, "ஏறுறது லேசான அலுவலோ, பாருங்கோ" என்று தொடங்கிவிட்டார். பறைமேளக்காரர் உரத்து அடித்தபடியால் மானம் தப்பியது.

அவர் போனது ஹட்டன் வழி. நல்லதண்ணியிலிருந்து மின்விளக்கு வரிசையும் தேத்தண்ணிக் கடைகளும் துணைவர, கைக்குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மாரும் எண்பது வயசுக் கிழவர்களும் ஏறுகிற அந்தப் பாதையில் ஐயாயிரத்துச் சொச்சம் படிகள் உண்டு. மாஸ்டரின் விருத்தாந்தத்தில் முதல் வருஷம் ஐயாயிரமாயிருந்த படிகள் பிறகு ஏழாயிரமாகி, போன தைப்பொங்கலன்று ஒன்பதாயிரத்தைத் தொட்டன. பென்ஷன்காரருக்குப் படி கூட்டித் தருவாரில்லை என்ற குறையை அவர் இவ்விதம் நிவர்த்தி செய்துகொண்டார் போலும். படிகள் பெருகியதோடு நில்லாமல் பாதையும் மெல்ல மெல்ல இடம்பெயர்ந்தது. இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையிலிருந்து அடர்ந்த வனத்தினூடாகச் செல்லும் நீண்ட கடினமான பழைய வழி ஒன்று இருக்கிறதல்லவா? சில வருஷங்களாக அவர் அவ்வழியேதான் ஏறிக்கொண்டிருக்கிறார். அங்கே அட்டைகள் உண்டு. யாழ்ப்பாணத்தார் அறிந்த அட்டை கடலட்டை. அதை நாம் அவித்து உலர்த்திச் சீனருக்கு விற்போம். மலையட்டையோ நம்மை விலையின்றியே உறிஞ்சுகிற ஜாதி. தேசிக்காயையும் சவர்க்காரத்தையும் காலில் பூசி அதனோடு யுத்தம் செய்த கட்டத்தை மாஸ்டர் விவரிக்கும்போது, சிறுவர்கள் தங்கள் காலைத் தாங்களே குனிந்து பார்ப்பார்கள்.

சரித்திரத்தையும் அவர் விட்டுவைப்பதில்லை. 1344ஆம் ஆண்டில் இபின் பதூதா என்ற மொரோக்கோ தேசத்து யாத்திரிகன் அம்மலைக்குப் போக விரும்பியபோது, பல்லக்கும் சுமையாட்களும் வழித்துணையும் கொடுத்து அனுப்பியவன் நம்முடைய ஆரியச் சக்கரவர்த்தியே. "மலைக்கு வழி காட்டினதே நாங்கள்தான்!" என்பார் மாஸ்டர். பல்லக்கைக் கொடுத்த மன்னன் தான் அதில் ஏறாமல் இருந்துவிட்டான் என்பதும், யாழ்ப்பாணத்தாரின் மலைப்பிரீதி பொதுவாக அந்த அளவினதே என்பதும் என் சொந்தக் குறிப்பு.

இருந்தும் ஒன்று சொல்லவேண்டும். சிகரத்தில் விடியற்காலை குளிரில் நடுங்கி நின்றதையும், கிழக்கே சூரியன் எழ, மேற்கே மேகத்தின்மேல் மலையின் நிழல் அளவெடுத்துக் கீறிய முக்கோணமாய் நீண்டு கிடந்து, வெயில் ஏற ஏறக் குறுகிக் கரைந்ததையும் சொல்லும்போது அவர் குரல் தாழும். கேத்திரகணிதம் படிப்பித்தவராயிருந்தும் அந்த முக்கோணத்தை மட்டும் அவர் அன்றுதொட்டு இன்றுவரை ஓர் அங்குலமேனும் பெருக்கியதில்லை. எத்தனையாவது தரம் ஏறினோமோ அத்தனை தரம் அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். மாஸ்டர் ஒருமுறை அடித்துவிட்டு நிமிர்ந்து நிற்க, அடுத்து வந்த சிங்களக் கிழவி இருபத்தெட்டு தரம் அடித்தாளாம். இதை எனக்குச் சொன்னவர் மாஸ்டரல்லர், அவருடைய பாரியார். ஆம், அந்த அம்மாளும் கூடவே ஏறியவர்தான். புட்டுப்பொதியையும், தண்ணீர்ப் போத்தலையும், பாதிவழியில் மாஸ்டர் கழற்றிக் கொடுத்த சப்பாத்தையும் சுமந்துகொண்டு ஏறியவர். மலை எப்படி என்று கேட்டால், "ஓம், படியள் கொஞ்சம் கூடத்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

சென்ற மாசம் திண்ணையில் பிரசங்கம் உச்சக்கட்டத்தை அடைந்தது. கடல்மட்டத்துக்குமேல் 7,359 அடி என்று மாஸ்டர் ஊன்றுகோலைத் தட்டினார். புகைவண்டியும் பஸ்ஸும் அதில் நாலாயிரம் அடிவரை சுமந்துகொண்டுபோய் வைத்துவிட்டன என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வேலி ஓரமாகத் தளநாரும் முட்டியுமாய் நின்ற மரமேறுந் தொழிலாளி ஒருவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாத்தியார், எனக்கொரு ஐமிச்சம்" என்றார். "நான் காலமை முப்பது பனை, பின்னேரம் முப்பது பனை. மரம் அறுபதடி வரும். உங்கட மலையிலயும் அறுபதடிக்கு ஒருக்கா கீழ இறங்கி வந்துதான் திரும்ப ஏறவேணுமோ?"

திண்ணை நிசப்தமாயிற்று. யாரோ விரல்விட்டு எண்ணிப் பெருக்கத் தொடங்கினார். மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி அணிந்துகொண்டார்.

"ஏறுறது பெரிய காரியமில்லைத் தம்பி," என்றார் நிதானமாக. "அதை ஆரும் செய்யலாம். இறக்கம்தான் விஷயம். இரு, சொல்லுறன். நாங்கள் ஹட்டனில வந்து இறங்கேக்க இரவு பத்து மணி..."