கொண்டை போட்ட கைக்கும் பேர் போடுங்கள்

கே: ஃபேஷன் ஷோவில் உடையை வடிவமைத்தவருக்குக் கைதட்டுகிறோம், நியாயம். முடி சீவிவிட்டவருக்கும் எதற்கு?

ப: இளவரசி டயானாவின் குட்டை முடி ஞாபகம் இருக்கிறதா? 1990-ல் பிரிட்டிஷ் 'வோக்' இதழுக்காகப் படம் எடுத்தபோது, சிகையலங்காரக் கலைஞர் சாம் மெக்நைட் டயானாவின் முடியைக் கிரீடத்துக்குள் செருகி, குட்டையாகத் தெரியும்படி செய்தார். டயானாவுக்குப் பிடித்துப்போனது. உங்கள் இஷ்டத்துக்கு விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒட்ட வெட்டிவிடுவேன் என்றார் சாம். அன்றே வெட்டியும் விட்டார். அந்தத் தலையை உலகமே பார்த்தது. வெட்டிய கை யாருடையது என்று எத்தனை பேர் கேட்டார்கள்? லண்டன் சாமர்செட் ஹவுஸில் சாமின் வேலைக்கென்று ஒரு கண்காட்சி வைக்க 2016 ஆனது.

கே: மேடைக்குப் பின்னால் அப்படியென்ன பெரிய வேலை?

ப: வேறொரு ஷோவில் அப்பிய ஜெல்லும் ஸ்ப்ரேயுமாக, விறைத்த தலையோடு மாடல் ஓடி வருவார். வலிக்காமல் நுனியிலிருந்து சிக்கெடுத்து, வேண்டுமானால் அலசி, உலர்த்தி, வால் சீப்பால் வகிடெடுத்து, ஊசி வெளியே தெரியாமல் கொண்டை போட வேண்டும். கையில் இருப்பது சில நிமிடங்கள். வரிசையாக வரும் அத்தனை தலையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். கடைசியில் மேடையேறி வணக்கம் சொல்பவர் டிசைனர் மட்டும்.

கே: பத்திரிகைகளில் பெயர் போடுகிறார்களே?

ப: ஓரத்தில், பொடி எழுத்தில்.

கே: சினிமாவில் நிலைமை பரவாயில்லையா?

ப: ஆஸ்கரில் ஒப்பனைக்குத் தனிப் பிரிவு வந்தது 1982 விழாவில். விருதின் பெயரில் சிகையலங்காரமும் சேர 2013 விழா வரை பொறுக்க வேண்டியிருந்தது.

கே: எல்லார் பெயரையும் போட்டால் பட்டியல் நீண்டுவிடுமே?

ப: நீளட்டும்.

கே: கூலி கிடைக்கிறது, புகழும் வேண்டுமா?

ப: பெயர் தெரிந்தால்தான் அடுத்த வேலை வரும், கூலியையும் கேட்டு வாங்க முடியும். அதைவிட முக்கியம், பெயரோடு பொறுப்பும் வரும். தங்கள் சுருள்முடியைக் கையாளத் தெரியாதவர்களிடம் தலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கறுப்பின மாடல்கள் பலர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். சிகையலங்காரக் குழுவின் தலைவர் யார் என்று ஊரறியச் சொல்லுங்கள். அடுத்த ஷோவுக்கு அந்த முடி தெரிந்தவரைக் கூட்டி வந்துதான் ஆக வேண்டும்.

கே: வாசகர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும்?

ப: பிடித்த ஃபேஷன் படத்தைப் பகிரும்போது, ஓரத்தில் இருக்கும் அந்தப் பெயரை வெட்டிவிடாதீர்கள். பெயரே இல்லையென்றால், போடச் சொல்லி இதழுக்கு எழுதுங்கள்.