பூச்சி வாழ்த்து சார்

ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்களில் பலர் பிள்ளையார் படம் வரைவார்கள், அல்லது கோயில் கமிட்டியில் சேர்வார்கள். செஞ்சியில் இன்னொரு ரகம் உண்டு. நன்மை செய்யும் பூச்சிகளை வாட்டர் கலரில் வரைந்து, வாழ்த்து அட்டையாக்கி, தபால்தலை ஒட்டி ஊருக்கே அனுப்புகிற ரகம்.

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பொங்கல் வாழ்த்தாகக் கடை வாசலில் கயிற்றில் தொங்கிய காலத்தில் வளர்ந்தவர் சார். அந்த வழக்கம் போனதில் அவருக்கு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், அந்த அட்டைகளில் கரும்பு இருந்தது, கரும்பைக் காக்கும் பூச்சி ஒன்றுகூட இல்லை என்பது.

அட்டையின் அமைப்பு மாறாது. பின்னணியில் ராஜகிரி. சுமார் 800 அடி மலை, கட்டைவிரல் உயரத்துக்குக் குறுகியிருக்கும். முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொறிவண்டு. தேசிங்கு ராஜா பார்த்திருந்தால் குதிரையைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, எல்லோரும் வாட்ஸ்அப்பில் கோட்டைப் படம் அனுப்ப, சார் அனுப்பியதில் மதில்மேல் ஒரு சிலந்தி. சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சியே இல்லை. "ஆனாலும் நம்ம ஆள்" என்று அடியில் குறிப்பு வேறு.

கல்யாணத்துக்குக் கும்பிடுபூச்சி. கைகூப்பி நிற்கிறதே, மங்களம்தானே? உள்ளே பொடி எழுத்தில், பெண் பூச்சி சில சமயம் ஆணைத் தின்றுவிடும் என்ற தகவலும் இருக்கும். மாப்பிள்ளை வீட்டில் அதை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை.

குழந்தை பிறந்தால் பொறிவண்டின் புழு. கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். பேரன் பிறந்த பூரிப்பில் உறையைப் பிரித்த தாத்தா ஒருவர் கேட்டார்: "இன்னா சார் இது, புள்ளைக்குத் திருஷ்டி படமா?"

சாருக்குக் கோபம் வரவில்லை, பாடம் வந்தது. "வண்டைப் பார்த்தா விட்டுடறோம். அதோட புழுவைப் பார்த்தா மருந்து அடிக்கிறோம். அது வளர்றதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினியைத் தின்னும்யா. சம்பளம் கேக்காத வேலைக்காரனை அடிச்சுக் கொல்றோம்."

கண்ணாடி இறக்கைப் பூச்சி தன் முட்டைகளை மயிரிழைக் காம்புகளின் நுனியில் வைக்கும். அதை வரைய அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அட்டை போய்ச் சேர்ந்த வீட்டில் பூஞ்சணம் என்று துடைத்துவிடுவார்கள்.

பூச்சிமருந்துக் கடைத் திறப்புக்கும் ஒரு வாழ்த்து போனது. கடைக்காரர் பெருந்தன்மையோடு அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். மார்க்கெட் கமிட்டியில் நெல் போட்டுவிட்டு வந்த விவசாயி அண்ணாந்து பார்த்து, "இதுக்கு இன்னா மருந்து?" என்றார். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

சாரின் தூரிகைக்கு அடங்காதது டிரைக்கோகிரம்மா என்கிற முட்டை ஒட்டுண்ணிக் குளவி ஒன்றுதான். ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பெயரை எழுதிவிட்டார். ஆனால் கரும்புக்காரர்களுக்கு அந்தக் குளவியே அட்டையில்தான் வருகிறது. அந்துப்பூச்சி முட்டைகளைக் கோந்தில் ஒட்டி, அவற்றுக்குள் குளவியை வளர்த்த அட்டை. வெளிவரும் குளவிகள் இடைக்கணுப் புழுவை முட்டையிலேயே முடித்துவிடும். "நான் போடறது ஒண்ணு, அதுல ஆயிரக்கணக்குல இருக்கு" என்று சாருக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமை.

கரும்பு போட்டவர்கள் அந்தக் குளவி அட்டையை வெயில் தாழ்ந்த பிறகு தோகையின் அடிப்பக்கம் கட்டுங்கள். கட்டிய கொல்லையில் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள்.