கால் குறைகிறது

பேத்தி: விஸ்காம் மூன்றாம் ஆண்டு. நண்பனின் மூன்று நிமிடப் பாட்டுக்குக் களிமண் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து முடித்துவிட்டாள். இனி அந்த அனுபவத்தைப் பற்றி 1,500 வார்த்தையில் அறிக்கை தர வேண்டும்.

தாத்தா: உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொல்காப்பிய வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டில் எல்லாரையும் தணிக்கை செய்வார்.

இடம்: உறையூர், மாடி அறை. தரையில் டிரைபாட் காலுக்கு அடையாளமாக ஒட்டிய டேப் இன்னும் உரிக்கப்படவில்லை.

பேத்தி: முதல் வரி கேளுங்க தாத்தா. "அசைவின்மைக்குள் உறைந்திருக்கும் காலத்தை மீட்டெடுக்கும் பொருண்மைப் பயணமே இப்படைப்பு."

தாத்தா: பயணப்படி எவ்வளவு?

பேத்தி: தாத்தா!

தாத்தா: பயணம்னியேம்மா, கேட்டேன். போகட்டும். மொத்தம் எத்தனை படம் எடுத்தே?

பேத்தி: செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு படத்தையும் ரெண்டு ரெண்டு ஃப்ரேமுக்கு வைக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அப்போ செகண்டுக்கு 12 படம்.

தாத்தா: 180 செகண்டு, 2,160 படம். உன் ஃபோன்ல எண்ணிப் பார்த்தேன், 2,028தான் இருக்கு. மிச்சம் 132 எங்கே?

பேத்தி: அதுக்குத் தனிப் பத்தியே இருக்கு, கடைசியில வரும். முதல்ல இதைக் கேளுங்க. "ஒளியின் நிலையாமை வழியே நகரத்தின் மனப்பதற்றம் வெளிப்படுகிறது."

தாத்தா: ஜன்னலைத் திறந்து வெச்சு எடுத்தே. மேகம் போச்சு, வந்துச்சு. அதுதானே நிலையாமை?

பேத்தி: முதல் ரெண்டு நாள் மட்டும்தான். ஃபோன் தானாவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சிடுச்சு. மூணாம் நாள் கருப்பு அட்டை வெச்சு ஜன்னலை அடைச்சு, எக்ஸ்போஷரை லாக் பண்ணிட்டேன்.

தாத்தா: அப்புறமும் பொம்மை மூஞ்சி அடிக்கடி வெளுக்குதே?

பேத்தி: அது நீங்க.

தாத்தா: நானா?

பேத்தி: வெள்ளை வேட்டியோட பக்கத்துல வந்து எட்டிப் பார்த்தீங்க. லைட் வேட்டியில பட்டு பொம்மை மேல விழுந்துச்சு. நாலாம் நாள் உங்களுக்கு நீலக் கைலி கொடுத்தது எதுக்குன்னு நினைச்சீங்க?

தாத்தா: (தொண்டையைச் செருமி) அந்தத் தணிக்கைத் தடையை விலக்கிக்கறேன். அடுத்தது.

பேத்தி: "ஒரு கணத்தில் முழு நகரமும் இடம்பெயர்கிறது. இது புலம்பெயர்வின் குறியீடு."

தாத்தா: அது உன் பாட்டி. அப்பள டப்பாவை எடுக்க வந்து மேசையில இடிச்சா.

பேத்தி: பார்க்கிறவங்களுக்கு அது தெரியாதே. 1933ல வந்த கிங் காங் படத்துல பொம்மைக்கு முயல் தோல் போர்த்தி, ஒவ்வொரு படத்துக்கும் கையால நகர்த்தினாங்க. விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலைஞ்சு கலைஞ்சு படத்துல சிலிர்த்துக்கிட்டே இருக்கும். குரங்குக்குக் கோபம்னு ஜனங்க எடுத்துக்கிட்டாங்க.

தாத்தா: எடுத்துக்கிட்டது ஜனங்க. எடுத்தவன் அறிக்கையில கோபம்னு எழுதினானா?

பேத்தி: ...சரி, பொம்மை வாயசைக்கிற விஷயத்துக்கு வருவோம்.

தாத்தா: வா. தடை எண் 3. பாட்டுல எஃப் சத்தம் ஒரு இடத்துலகூட இல்லை. எஃப்-புக்குன்னு ஒரு வாய் செஞ்சு வெச்சிருக்கே. உபயோகமின்றி முடங்கிய இருப்பு.

பேத்தி: இங்கிலீஷ் சார்ட்டுல அப்படித்தான் இருந்துச்சு. அதைப் பார்த்து 12 வாய் செஞ்சேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பழசைப் பிடுங்கிட்டுப் புதுசை ஒட்டணும்.

தாத்தா: தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒண்ணு, வீட்டு அலமாரியிலேயே இருக்கு. அ, ஆ வாயைத் திறந்தா வரும். உ, ஊ, ஒ, ஓ உதட்டைக் குவிச்சா வரும். ப, ம ரெண்டு உதடும் சேர்ந்தா வரும். வ-வுக்கு மேல்பல் உதட்டுக்கு வரணும், முடங்கின அந்த எஃப் வாய் இதுக்கு ஆகும். சொல்லிப் பாரு, "மாமா".

பேத்தி: மா... மா.

தாத்தா: மூடு, திற, மூடு, திற. ரெண்டே வாய்ல ஒரு உறவே முடிஞ்சுபோச்சு. எல்லாம் சேர்த்து அஞ்சு வாய் தேறும்.

பேத்தி: ழ-வுக்கு?

தாத்தா: அது நாக்கோட வேலை. உன் பொம்மைக்கு நாக்கே கிடையாது. களிமண் மிச்சம்.

பேத்தி: ஆனா ஒண்ணு, தாத்தா. ம வர்ற இடத்துல சத்தமும் வாயும் ஒரே சமயத்துல வந்தா, வாய் லேட்டா மூடுற மாதிரி இருக்குது. ஒரு படம் முன்னாடியே மூடிடணும். இது உங்க அலமாரியில இருக்கா?

தாத்தா: (சற்று யோசித்து) இல்லை. இதை எழுதினியா?

பேத்தி: எழுதலை. சின்ன விஷயமாச்சேன்னு விட்டுட்டேன்.

தாத்தா: பயணத்தை எழுதினே. இதை விட்டுட்டே. இப்போ அந்த 132.

பேத்தி: "இறுதிப் பதினொரு நொடிகள் பாத்திரம் மொட்டைமாடியில் அசைவற்று வானைப் பார்க்கிறது. இது தியான மௌனம்."

தாத்தா: கால் எங்கே?

பேத்தி: ...

தாத்தா: பெருக்கும்போது பாட்டி முறத்துல ஒரு களிமண் உருண்டை இருந்துச்சு, கம்பி நீட்டிக்கிட்டு. இடது காலா, வலதா?

பேத்தி: இடது. உள்ளே கட்டுக்கம்பி, ஒத்தை இழை. அலுமினியக் கம்பியை ரெண்டு மூணு இழையா முறுக்கிப் போடணுமாம், அப்புறம்தான் படிச்சேன். நடக்க வைக்க நடக்க வைக்க அதே கணுக்கால் முன்னும் பின்னும் வளைஞ்சு, 2,028ஆவது படத்துல ஒடிஞ்சுபோச்சு. மறுநாள் காலையில சப்மிஷன். நகர்த்தினா விழுந்துடும். அதான் நிக்க விட்டுட்டேன்.

தாத்தா: அழுதியா?

பேத்தி: கொஞ்சம். ஆனா நிக் பார்க் ஃபிலிம் ஸ்கூல்ல படிக்கும்போது 1982ல ஆரம்பிச்ச வாலஸ் அண்ட் குரோமிட் களிமண் பொம்மை வரிசையோட முதல் படம் 1989லதான் வந்துச்சு. எனக்கும் அவ்வளவு டைம் கொடுத்திருந்தா...

தாத்தா: உனக்குக் கொடுத்தது ஒரு செமஸ்டர். அதுல பாதி, படத்துக்குப் பேர் வெக்கிறதுல போச்சு.

பேத்தி: சரி, என்னதான் எழுதச் சொல்றீங்க?

தாத்தா: இப்போ சொன்னியே, கம்பி, கணுக்கால், 2,028. அதை அப்படியே எழுது. வேட்டியையும் எழுது. என் பேரைப் போடாதே, "ஒரு பார்வையாளர்"னு போடு.

பேத்தி: (எழுதிவிட்டு எண்ணுகிறாள்) தாத்தா, மொத்தமே 310 வார்த்தைதான் வருது. 1,500 வேணுமே?

தாத்தா: மிச்சத்துக்கு அந்தப் பொருண்மைப் பயணத்தைப் போட்டு நிரப்பு. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்.