மாட்சிமை தங்கிய மிளகாயார்

வன்னிப் பெருநிலத்து அடுப்படிகள் அனைத்தையும் ஒரு குடைக்கீழ் ஆண்டருளும் மாட்சிமை தங்கிய பச்சைமிளகாயாரின் பெருமையைப் பாட ஒரு நாக்குப் போதாது. இருக்கிற ஒன்றும் மத்தியானச் சொதியோடு செயலிழந்து கிடக்கிறது.

திருவுள்ளத்தை எவருக்கும் முன்கூட்டி அறிவிக்காத மேன்மையே அவரது தலையாய குணம். கிளிநொச்சிச் சந்தையில் ஒரே குவியலில் அள்ளி, ஒரே தராசில் நிறுத்து வந்தவர்களில் ஒருவர் பிஞ்சு வெள்ளரிக்காய் போலச் சாதுவாயிருப்பார். அதே நிறமும் நீளமும் வாய்ந்த அடுத்தவரோ, கடித்தவரின் காதுவழியே ஆவியை வெளியேற்றி அருள்வார். நேற்று ஐந்து போட்டும் உறைக்காத சம்பல், இன்று இரண்டோடு வீட்டையே முற்றத்துக்கு அழைத்துவிடுகிறது. கைப்பக்குவம் என்னும் அகந்தையை ஒரே கவளத்தில் அறுக்கும் ஞானகுரு வேறு எவருளர்?

கறிமிளகாயாரின் பண்போ அதனினும் உயர்ந்தது. உறைக்காத குலமென்று பெயரெடுத்து, அந்த நம்பிக்கையில் பிள்ளைகளின் கோப்பை வரை வந்து, பலநாள் பதமாய்ப் பழகி, புதுமாப்பிள்ளை விருந்துக்கு வந்த அன்று பார்த்துத் தம் சுயரூபம் காட்டுவார். என்ன நேரந்தவறாமை!

நீதியிலும் குறைவில்லை. சிறுபோகத்தில் வாய்க்கால் வற்றி, சோழகம் புழுதி வாரியடிக்கையில், தாகித்த செடி பெரும்பாலும் உறைப்பைக் கூட்டிக்கொள்ளும். தண்ணீர் தராதது வானம். தண்டனை பெறுவது தின்றவர். மனுநீதிச் சோழனுக்கும் எட்டாத நியாயம் இது. விதையைத் தட்டிவிட்டுத் தப்ப நினைக்கும் பேதையர் பொருட்டு, தம் கருவூலத்தை விதையிலன்றி அதைத் தாங்கும் வெள்ளைத் தசையில் வைத்திருக்கிறார். ஓடிப்போய்த் தண்ணீர் குடிப்போருக்கோ, தாம் அதில் கரையாதவராகையால், வாயெங்கும் பரவித் தரிசனம் தருகிறார்.

1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்கர், சீனித்தண்ணீரில் கலந்து சுவைக்கக் கொடுத்து இவர் வீரியத்துக்கு அளவுகோல் வகுத்தார். குலத்துக்கு எண் கிடைத்தது. சட்டிக்குள் இறங்கவிருக்கும் திருமேனிக்கு இன்றுவரை இல்லை. நெருப்பில்லாமலே நாக்கு வேகிறதென்று நரம்பை நம்பவைக்கும் அந்த இராசதந்திரத்தின் வழியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. தந்திரம் செய்தவருக்கு ஒரு பொன்னாடைகூட இல்லை.

தோட்டத்திலும் அதே திருவிளையாடல்தான். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டுக் கமக்காரரைச் செத்தலால் தலைநிமிர வைத்தார். 1977க்குப் பின் கதவு திறந்ததும், செல்வம் நிலையாமை என்பதை அவர்களுக்குச் செலவின்றிப் போதித்தார்.

எல்லாவற்றினும் மேலானது அவரது அடக்கம். உறைத்தால் “அளவு தெரியாதோ?”, உறைக்காவிட்டால் “மிளகாய் போடேல்லையோ?” என்று வருகிற இரு ஏச்சையும் சமைத்தவளுக்கே தாரைவார்த்துவிட்டு, சட்டியின் ஓரத்தில் ஒன்றுமறியாதவராய் ஒதுங்கியிருப்பார்.

நாளைச் சொதிக்கு மூவர் எழுந்தருள்கிறார்கள். எவர் எந்த மனநிலையில் வருவாரென்று விசாரிப்பது மரியாதையல்ல. தயிர்ச்சட்டியை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறோம்.