புத்தளக் கரையோரத்தில் பழைய வால்வு முன்பெருக்கி தெரிதல்: ஓர் உப்பியல் நோக்கு

முன்பெருக்கி எனப்படுவது, மின்கிற்றாரின் கம்பி அதிர்வதால் பிறக்கும் மெலிந்த மின்சைகையை வலுப்பெருக்கியிடம் ஒப்படைக்குமுன் அதை உயர்த்தியும், அதற்கு நிறமூட்டியும், இசைஞர் விரும்பினால் வேண்டுமென்றே கெடுத்தும் அனுப்புகின்ற கருவியாகும். இசைக்குழுவினர் 'பிரீ அம்ப்' எனச் சுருக்கி வழங்கும் இது, 19 அங்குல அகலமுள்ள 'றாக்' என்னும் இரும்புச் சட்டத்தில் திருகாணியால் பூட்டத்தக்கதாக அமைந்து, உள்ளே வெற்றிடக் கண்ணாடிக் குழாயாகிய வால்வும் கொண்டிருப்பின், அதுவே இவ்வாய்வின் பொருளாம். இதன் உயரம் 1.75 அங்குலத்தின் மடங்காக இருத்தல் வேண்டும் என்பது உலக மரபு. அம்மரபை ஏற்படுத்தியோர் கடற்காற்றைப் பற்றி எதுவும் விதிக்கவில்லை என்பதே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம்.

இவ்வினத்தின் பொற்காலம் 1980களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. அமெரிக்க நிறுவனமாகிய ஏடிஏ 1987இல் வெளியிட்ட எம்பி-1, 128 ஓசை அமைப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு, கருவிகள் தமக்குள் எண்களால் உரையாடும் 'மிடி' முறையின் வழியே, காலால் ஒரு மிதி மிதித்த அளவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் தோன்றிய மார்ஷல் ஜேஎம்பி-1 நூறு அமைப்புகளோடு நிறைவுற்றது. இவ்விரண்டிலும் வால்வு இரண்டே. மெசா பூகி நிறுவனத்தின் ட்ரையாக்சிஸில் ஐந்து. அமெரிக்கர் 12ஏஎக்ஸ்7 என்றும் ஐரோப்பியர் ஈசிசி83 என்றும் இருபெயரிட்டு அழைக்கும் ஒரே வால்வே இவை மூன்றிலும் உறைகிறது. முதல் தலைமுறைக் கருவிகள் முப்பது வயதைக் கடந்துவிட்டமையால், இன்று அவற்றை வாங்குதல் என்பது முதியவர் ஒருவரின் உடல்நலத்தை ஆராய்தலை ஒத்தது.

இக்கருவிகளைப் பற்றி உரைப்போர் பெரும்பாலும் ஓசையில் தொடங்கி ஓசையிலேயே முடிப்பர். 'கதகதப்பான ஓசை', 'கண்ணாடி போன்ற ஓசை', 'பழுப்பு ஓசை' முதலிய அவர்களது வகைப்பாடு குளிர்நாடுகளுக்குப் பொருந்தலாம். கற்பிட்டி முதல் சிலாபம் வரையான கரையோரத்தில் முதற்கண் ஆராயத்தக்கது ஓசையன்று, உப்பே. எந்த வெயிலும் காற்றும் களப்பு நீரும் சேர்ந்து புத்தளத்தின் உப்பளங்களை வாழவைக்கின்றனவோ, அவையே முன்பெருக்கிக்கு யமனாகின்றன. கறியுப்பு, காற்றின் சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும் இயல்புடையது; அடுக்களை உப்புப் போத்தல் மழைக்காலத்தில் கசிவதும் இதனாலேயே. அதே உப்பு, 200 வோல்ற்றுக்கு மேல் மின்னழுத்தம் நிற்கும் வால்வுத் தாங்கியின் இரு ஊசிகளுக்கிடையே படிந்து கசிந்தால், மின்சாரம் வகுத்த வழியை விட்டுப் புதுவழி காண்கிறது. ஒலிபெருக்கியில் கேட்கும் கரகரப்பு அவ்வழிநடையின் ஓசையே.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம்: உப்பு ஓசையாகவே வெளிப்படுமாயின், வாசித்துக் கேட்டு வாங்கினால் போதாதா? போதாது. கருவி சற்றுநேரம் எரிந்து சூடேறியதும் ஈரம் உலர, கரகரப்பும் அடங்கிவிடக் கூடும். ஆதலால், வாங்குவோர் வாசலை அடையும்போதே கருவி சூடாக இருக்குமாயின், அது விருந்தோம்பல் அன்று எனக் கொள்க. ஆறவைத்து மறுபடியும் கேட்டல் வேண்டும்.

திறவாத பொருளுக்கு விலை பேசுதல் இக்கடலுக்குப் புதிதன்று. புத்தளத்திற்கு வடக்கே, மன்னார் மாவட்டத்து மரிச்சுக்கட்டியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முத்துக்குளிப்பில், அரசின் பங்காகிய சிப்பிகள் வாய் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்துண்டா, வெறுஞ்சதையா என்பதை வாங்கியவர் அவற்றை அழுகவைத்து அலசிய பின்னரே அறிந்தார். ஆயினும் சிப்பியைத் திறந்தால் அது மாண்டுவிடும் என்ற நியாயம் அங்கே இருந்தது. முன்பெருக்கியின் மேல்மூடிக்கு அந்நியாயம் இல்லை. சில திருகாணிகளைக் கழற்றினால் அது திறக்கும், திரும்பவும் மூடும். எனவே இக்கரையில் மூடி திறவாமல் கொள்வோர் முத்து வணிகரைவிடத் துணிந்தவர் எனலாமேயன்றி, அறிந்தவர் எனல் ஆகாது. ஒரு காப்புரை மட்டும் தேவை: மின்கொள்ளளவி எனும் உறுப்பு, மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் சிறிதுநேரம் மின்னேற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கும், உள்ளே கண்ணைச் செலுத்தலாம், விரலைச் செலுத்தலாகாது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை மணிக்கடைத் தெருவில் வயிரத்துக்கு ஆகாத குற்றங்களைப் பெயர்சொல்லி விலக்குகிறது. அந்நெறியில் முன்பெருக்கியின் குற்றங்களை நிறத்தால் உணரலாம். பழுப்பு, இரும்பின் துரு. வெளிச்சட்டத்தில் இருந்தால் மன்னிக்கலாம், மின்மாற்றியின் தகடுகளில் இருந்தால் யோசிக்க வேண்டும். பச்சை, செம்பு அரிக்கப்பட்டதன் சாட்சி. மின்சுற்றுப் பலகையில் அது கண்டவிடத்து விலை பேச்சை நிறுத்திவிடலாம். கருமை, மின்தடை ஒன்று கருகியதைக் காட்டும். வெண்மை ஈரிடத்தில் இருபொருள் தரும்: பலகையின் மேல் வெண்பொடி உப்பாக இருக்கலாம், வால்வின் உச்சியில் வெள்ளிபோல் மின்ன வேண்டிய பூச்சு பால்வெண்மையாக மாறியிருப்பின், கண்ணாடிக்குள் காற்று புகுந்து அவ்வால்வு மடிந்தது. நிறத்தோடு மணமும் ஒரு பிரமாணமே. கருகிய மணம் உள்ளுறுப்பின் குற்றம். கருவாட்டு மணமோ கருவி எவ்வறையில் காலங்கழித்தது என்பதைச் சொல்லும் வரலாற்றுச் சான்று.

தட்டிப் பார்த்தல் அடுத்தது. தென்னை முக்கோணத்தின் ஒரு மூலையாகிய இம்மாவட்டத்தில் தேங்காயைத் தட்டித் தெரியாதவர் அரியர். ஆனால் அவ்வறிவை இங்கே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். கணீரென ஒலிக்கும் தேங்காய் நல்லது. பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஒலிபெருக்கியில் கணீரெனும் வால்வு ஆகாதது. அதன் உள்ளுறுப்புகள் தளர்ந்து, அது தானே ஒலிவாங்கியாகிவிட்டது என்பது பொருள். எனினும் இக்குற்றத்துக்காகக் கருவியைக் கைவிடுதல் தகாது. இதே வால்வு இன்றும் சுலோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் புதிதாகச் செய்யப்படுகிறது. கிடைக்காதது அக்கருவிக்கே உரிய மின்மாற்றிதான். வால்வைக் கண்டு மயங்கி மின்மாற்றியைப் பாராமல் கொள்ளுதல், பாயின் அழகுக்காக ஓட்டை வள்ளத்தை வாங்குதல் போன்றதாகும்.

மின்மாற்றியை ஆராய்வோர் பின்புறத் தகட்டை வாசித்தல் கடன். ஜப்பானுக்கென ஆனது 100 வோல்ற்று, அமெரிக்காவுக்கென ஆனது 120 வோல்ற்று. இலங்கையின் சுவர் தருவதோ 230. மின்சாரத்தின் அளவைப் பற்றி இக்கரைக்குக் குறையொன்றும் இல்லை. ஒரு வால்வின் இழை 12.6 வோல்ற்றில் 0.15 அம்பியர் கொள்வதால் இரண்டுக்கும் 3.78 வாற்று போதும். இக்கரையிலேயே உள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாற்றைக் கொண்டு ஏறத்தாழ 23 கோடியே 80 லட்சம் முன்பெருக்கிகளின் வால்வுகளைச் சிவக்க வைக்கலாம். குறை அதன் உறுதியில்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தலையிட்டதாகச் சொல்லப்பட்ட நாளில் நாடு முழுவதும் இருண்டது, நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. இம்மாவட்டத்துச் சிறம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தட்டிப் பாடும் மஞ்சா இசைக்கு அன்றும் இடையூறு நேர வழியில்லை என்பதை ஒப்பியலாளர் கருத்திற்கொள்வாராக.

இறுதியாக, விற்போர் வாய்மொழி. 'கொழும்பு ஸ்ரூடியோவிலே இருந்த சாமான்' என்பது இடத்தைக் கூறுமேயன்றி நிலையைக் கூறாது. 'உள்ளே கை வைக்கவே இல்லை' என்பது புகழுரைபோல் தோன்றினும், நினைவைக் காக்கும் லித்தியம் பட்டரி பல்லாண்டாக மாற்றப்படவில்லை என்ற ஒப்புதலே அது. அப்பட்டரி ஓய்ந்தால், முன்னவர் சேர்த்துவைத்த ஓசைகள் யாவும் அதனோடு போகும். 'கடலுக்குக் கிட்ட வைக்கவே இல்லை' என்ற கூற்று, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக உள்ள கற்பிட்டி மூவலந்தீவில் சொல்லப்படுமாயின், அதை இலக்கியநயமாகக் கொள்வதே மரியாதை. இவை அனைத்தையும் தீர்க்கவல்ல கருவி திருப்புளி ஒன்றே. வாங்கச் செல்வோர் அதைத் தம் வீட்டிலிருந்தே கொண்டுசெல்வார்களாக. விற்பவர் வீட்டுத் திருப்புளி, கேட்கும் நாளில், அடுத்த வீட்டாரிடம் இரவலில் இருக்கும்.