இடித்துக் கட்டும் மேஸ்திரி

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். ஒருவர் என்றது மரியாதைக்காக. தலையை எண்ணினால் பல்லாயிரம் தேறும். கையில் கொத்துக்கரண்டி கிடையாது, ரசமட்டம் கிடையாது. ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு சட்டை, மைதானத்துக்குப் போகும் நாளில் ஒரு நாய் முகமூடி, சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு திட்டம். அவர் கட்ட நினைப்பது கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை. அந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். கையால் எறிவதும் ஆளோடு ஆள் முட்டுவதும்தான் அதிகம். ஆனாலும் பெயர் கால்பந்து. பெயருக்கும் நடப்புக்கும் பொருத்தம் பார்க்கிறவர் இந்த அணிக்கு ரசிகராக இருக்க முடியாது. 1964இல் சாம்பியன் பட்டம் வென்றதோடு சரி. 1967இல் தொடங்கிய சூப்பர் போல் இறுதியாட்டத்தில் பிரவுன்ஸ் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. ஆகவே மேஸ்திரியின் தீர்ப்பு எல்லாக் காலத்துக்கும் ஒன்றுதான்: “மொத்தமா இடிச்சிட்டுப் புதுசா கட்டணும்.”

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். மேஸ்திரி இரண்டையும் வருஷா வருஷம் செய்கிறவர். செப்டம்பரில் சீசன் தொடங்கும். அக்டோபர் முடிவதற்குள் அணி நாலைந்து ஆட்டம் தோற்றிருக்கும். நவம்பரில் அவர் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிடுவார். காரணம், டிராஃப்ட் என்கிற ஏற்பாடு. 1936 முதல் இருக்கும் வழக்கம் இது. கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கியெடுக்கும். இன்று 32 அணிகள், 7 சுற்றுகள். கடைசி இடத்தில் நிற்கும் அணிக்கு முதல் உரிமை. அதாவது, தோற்றவனுக்குத்தான் பந்தியில் முதல் இலை. எனவே டிசம்பரில் அணி தப்பித்தவறி ஜெயித்துவிட்டால் மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொள்வார்: “இப்ப எதுக்கு இந்த வெட்டி வெற்றி? ரெண்டாவது இலை மூணாவதா போயிடுச்சே!” குளிர்காலம் முடியும் நேரத்தில் இண்டியானாபொலிஸ் நகரில் அந்த இளைஞர்களை ஓடவிட்டு, தாண்டவிட்டு, அங்கம் அங்கமாக அளப்பார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்குக்குச் சாண் எத்தனை அங்குலம் என்பதுவரை அளந்து வெளியிடுவார்கள். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பெண் வீட்டாருக்கு நட்சத்திரம் எப்படியோ, அப்படி மேஸ்திரிக்கு அந்தச் சாண்.

இவரைப் பற்றி ஊரில் பொதுவாக ஓர் இரக்கம் உண்டு. பாவம், திட்டத்தின்மேல் திட்டம் போடுகிறார், நிர்வாகத்தில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பார்கள். நடந்ததை வரிசையாக எடுத்து வைத்தால் உண்மை நேர் எதிராகத் தெரிகிறது. மேஸ்திரி சொன்ன ஒவ்வொன்றையும் கிளீவ்லாந்து நிர்வாகம் செய்தே பார்த்திருக்கிறது. அவருடைய துயரத்துக்குக் காரணம் அவர் பேச்சு எடுபடாதது என்று சொல்வதற்கில்லை, எடுபட்டதுதான்.

முதலில், இடிப்பது. 2016இல் நிர்வாகம் கூரையிலிருந்து கடப்பாரை போட்டது. அனுபவசாலிகளை விட்டுவிட்டு, கைக்கு வந்த இரண்டாவது இலையையும் பிலடெல்பியாவுக்கு விற்று, எதிர்காலத் தேர்வுகளாகக் குவித்துக்கொண்டது. அந்த ஆண்டு 16 ஆட்டத்தில் ஒரு வெற்றி. அடுத்த ஆண்டு அந்தக் குறையும் தீர்ந்தது: 16க்குப் பூஜ்யம். 2018 ஜனவரியில், எலும்பை உறைய வைக்கும் குளிரில், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அந்தக் களங்கமற்ற சாதனையைக் கொண்டாட மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். நடந்த பாதையே பூஜ்ய வடிவம். ஊர்வலத்தின் பெயரால் ஏழைகளுக்கு உணவுப் பொருளும் திரட்டினார்கள் என்பதால் அந்தப் பூஜ்யத்தில் ஏதோ ஒன்று தேறியது. அடுத்த மாதமே சூப்பர் போலை வென்ற அணி எது? இலையை வாங்கிக்கொண்டு போன பிலடெல்பியா. கிளீவ்லாந்தில் ஒரு பீர் கம்பெனி மதுக்கடைகளில் பூட்டிய ஃபிரிட்ஜ்களை வைத்து, அணி ஜெயிக்கிற அன்று தானாகத் திறக்கும், பீர் இலவசம் என்றது. 2018 செப்டம்பர் 20 அன்று, முந்தைய வெற்றிக்கு 635 நாள் கழித்து அவை திறந்தன. மேஸ்திரி பீரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கக்கூடியது ஒன்றுதான்: “பார்த்தீங்களா, திட்டம் வேலை செய்யுது.”

இரண்டாவது, கோச்சை மாற்றுவது. இது மேஸ்திரிக்கு மிகப் பிடித்த வேலை. செலவு உரிமையாளருடையது, திருப்தி அவருடையது. இதிலும் நிர்வாகம் அவரை ஏமாற்றியதில்லை. அணி மறுபிறவி எடுத்த 1999 முதல் 2024 வரை இடைக்காலத்தவர்களை விட்டுவிட்டு எண்ணினாலும் பத்து கோச்சுகள். 2013இல் வந்த ராப் சுட்ஜின்ஸ்கியும் 2019இல் வந்த ஃபிரெடி கிச்சன்ஸும் ஒரே சீசனில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவருக்குத்தான் அந்த ஊரில் நிரந்தர வேலை. இந்த வைத்தியத்துக்கு முன்னோடி ஒன்றும் உண்டு: 1991 முதல் 1995 வரை அங்கே கோச்சாக இருந்து நீக்கப்பட்டவர் பில் பெலிசிக். பிறகு நியூ இங்கிலாந்துக்குப் போய் ஆறு சூப்பர் போல் வென்றார். விலக்கியது சரிதான், ஆள் முன்னேறிவிட்டாரே என்று மேஸ்திரி வேண்டுமானால் வாதிடலாம்.

மூன்றாவது, கல்யாணம். குவாட்டர்பேக்தான் மாப்பிள்ளை, அவர் அமைந்துவிட்டால் குடும்பம் தழைக்கும் என்பது மேஸ்திரியின் வேதம். 1999க்குப் பிறகு இந்த வீட்டு வாசலில் மாலை போட்டுக்கொண்டு நின்றவர்கள் 40 பேருக்கு மேல். ஒரு ரசிகரின் சட்டை முதுகில் பெயர் மாற்றி மாற்றி ஒட்டியே சட்டை நீண்டுபோன அளவுக்கு வரிசை. 2000ஆம் ஆண்டு டிராஃப்ட்டில் 183ஆவது ஆளாக ஒரு குவாட்டர்பேக்கை எடுத்தார்கள். அதே தொழிலில் 199ஆவது ஆளாக மிஞ்சிக் கிடந்த டாம் பிரேடி வேறு ஊர்களுக்கு ஏழு பட்டம் வாங்கித் தந்தார். 2012இல் 28 வயது பிராண்டன் வீடனை முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். 2014இல் ஜானி மான்ஜெலை எடுத்தார்கள். இரண்டு சம்பந்தமும் இரண்டிரண்டு சீசனில் முறிந்தன. உச்சம் 2022. டெஷான் வாட்சனுக்காக ஹூஸ்டன் அணிக்கு மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளைத் தாரை வார்த்து, ஐந்து ஆண்டுக்கு 23 கோடி டாலர், ஒரு காசு குறையாமல் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பல பெண்கள் கொடுத்த புகார்களையொட்டி லீக் அவருக்கு 11 ஆட்டத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு தோளில் காயம். அதற்கடுத்த ஆண்டு குதிகால் தசைநாண் அறுந்தது. இதில் ரசமான செய்தி வேறு. 2017இல் ஹூஸ்டன் அவரை எடுத்தது 12ஆவது தேர்வில். அந்தத் தேர்வு முதலில் பிலடெல்பியாவிடமிருந்து கிளீவ்லாந்துக்கு வந்தது. கிளீவ்லாந்துதான் ஹூஸ்டனுக்கு விற்றது. தன் வீட்டுச் செங்கல்லைத் தானே விற்று, ஐந்து ஆண்டு கழித்து அதையே பங்களா விலைக்குத் திரும்ப வாங்கிய மேஸ்திரியை வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: இதெல்லாம் நிர்வாகத்தின் தப்பு, மைக்கும் இல்லாமல் பதவியும் இல்லாமல் கத்துகிற ரசிகரின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள், அங்கே படித்த நிபுணர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் (பின்னவர் 2017இல் பொருளாதார நோபல் பெற்றவர்) டிராஃப்ட் கணக்குகளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னது இது: அணிகள் உயர்ந்த இலைகளுக்கு அவற்றின் தகுதிக்கு மீறி விலை கொடுக்கின்றன, ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னால் எடுக்கப்பட்டவரை மிஞ்சுவது நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேலான வாய்ப்பு. ஆக, நிபுணருக்கும் மேஸ்திரியின் காய்ச்சல்தான். சம்பளம் மட்டும் வேறு. அந்தக் காய்ச்சல் தொற்றும் வழியும் புரியாத ஒன்றில்லை. லீக்கின் டிவி ஒளிபரப்பு வருமானம் ஜெயித்தவர் தோற்றவர் பார்க்காமல் 32 அணிக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. தோற்றால் உரிமையாளர் தெருவுக்கு வந்துவிட மாட்டார். அவர் பயப்படுவது காலி நாற்காலிக்கும் கூச்சலுக்கும். கைகட்டிச் சும்மா இருக்கிறார் என்ற பெயருக்கும். அந்தப் பெயரைத் தவிர்க்கச் சுலபமான வழி, எதையாவது இடிப்பது. புழுதி கிளம்பினால் வேலை நடக்கிறது என்று ஊர் நம்பும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் வலுவானது. இடித்துக் கட்டி வென்ற அணியே இல்லையா? டெட்ராய்ட் லயன்ஸ் இருக்கிறதே! 2008இல் கிளீவ்லாந்துக்கு முன்பே 16 ஆட்டமும் தோற்றவர்கள் அவர்கள். 2021இல் புதிய கோச் டான் கேம்பெல் வந்தார். 17 ஆட்டத்தில் 3 வெற்றி, ஒரு டிரா. 2023இல் 12 வெற்றியோடு சூப்பர் போலுக்கு ஒரு படி கீழே வந்து நின்றார்கள். ஆனால் நடுவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2022இல் முதல் ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி. டெட்ராய்ட்டுக்கும் மேஸ்திரிகள் உண்டு. அவர்களும் கடப்பாரையைத் தேடினார்கள். உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் அந்தச் சரிவின் நடுவிலேயே பத்திரிகையாளர்களிடம் வந்து, கோச்சை நம்புகிறேன், பொறுத்திருக்கிறேன் என்ற பொருளில் பேசிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சீசன் 9 வெற்றி, 8 தோல்வியில் முடிந்தது. டெட்ராய்ட் தேறியது இடித்ததால் என்பதைவிட, இரண்டாம் தடவை இடிக்காததால் என்பதே பொருத்தம். தளம் போட்டால் தண்ணீர் கட்டி ஆறவிட வேண்டும் என்பது உண்மையான எந்த மேஸ்திரிக்கும் தெரியும். நம் மேஸ்திரி சிமென்ட் ஈரம் காயுமுன் ஏறி நின்று குதித்துப் பார்த்துவிட்டு, “தளம் சரியில்லை, இடி” என்கிறவர்.

மூன்றாவது ஆட்சேபம், கிளீவ்லாந்தில் இடித்ததும் பலன் தந்ததே என்பது. அதைப் பாதி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த 2016 இடிபாட்டிலிருந்து மைல்ஸ் கேரட் என்ற அபாரமான தடுப்பாட்டக்காரர் கிடைத்தார். 2018இல் முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு தலைமையில் 2020 சீசனில் 11 வெற்றி வந்தது. பிட்ஸ்பர்க்கை அதன் மண்ணிலேயே 48–37 என்று சாய்த்து, 26 ஆண்டுக்குப் பின் பிளே-ஆஃப் என்கிற நாக்அவுட் சுற்றில் ஒரு வெற்றியும் வந்தது. திட்டம் பலித்தது. பலித்த திட்டத்தை என்ன செய்தார்கள்? அடுத்த ஆண்டு தோளில் அடிபட்டு மேஃபீல்டு தடுமாறியதும் சலித்துப்போய், 2022இல் வாட்சனை வாங்கிவிட்டு அவரை அனுப்பினார்கள். மேஃபீல்டு பிறகு டாம்பா போய் அங்கே அணியை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். கிளீவ்லாந்துக்கு அடுத்த நல்ல காலம் 2023இல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் எந்த வரைபடத்திலும் இல்லாத ஜோ ஃபிளாக்கோ: 38 வயது, அணி எதிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவர், நவம்பரில் ஆள் இல்லாத அவசரத்துக்குக் கூப்பிடப்பட்டவர். ஆடிய ஐந்து ஆட்டத்தில் நான்கை வென்று பிளே-ஆஃபுக்கு வாசல் திறந்தார். அஸ்திவாரம் தோண்டிக் கட்டிய மாளிகை ஒழுகியபோது, வழியில் போன வாடகைக்காரர் வந்து ஓட்டை மாற்றிக் கொடுத்த கதை. அடுத்த ஆண்டு அவரையும் வைத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்குப் பிறகும் மேஸ்திரி ஏன் மாறவில்லை? முட்டாள்தனம் என்று முடித்துவிடலாம். ஆனால் அவருக்கு ஒரு சரித்திர நியாயம் இருக்கிறது. 1995 நவம்பரில் அப்போதைய உரிமையாளர் ஆர்ட் மோடெல் அணியையே மூட்டை கட்டி பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். கிளீவ்லாந்து கொதித்தது, நகரம் வழக்குப் போட்டது, ரசிகர்கள் விடவில்லை. கடைசியில் ஆட்கள் போகலாம், பெயரும் நிறமும் பழைய சாதனைக் கணக்கும் ஊரிலேயே இருக்கும் என்று லீக் இறங்கிவந்தது. மூன்று சீசன் ஆட்டமே இல்லாமல் கிடந்தபின் 1999இல் வெறுந்தரையிலிருந்து அணி எழும்பியது. கத்திக் கத்தியே ஓர் அணியைக் கட்டி எழுப்பிய ரசிகர் உலகில் அதிகம் பேர் இல்லை. இடித்துக் கட்டுவதில் அவருக்கு உள்ள நம்பிக்கை அங்கே பிடித்தது. அதே நேரத்தில் பால்டிமோரில் நடந்த பாடத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. பிரவுன்ஸின் பழைய ஆட்டக்காரர் ஓஸி நியூஸம் அங்கே இருபது ஆண்டுக்கு மேல் ஆள் தேர்வைப் பார்த்துக்கொண்டார். 1996 முதல் 2024 வரை மூன்றே கோச்சுகள். இரண்டு சூப்பர் போல்கள். கிளீவ்லாந்து வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு போன கதவு ஜன்னல்களை வைத்துக் கட்டிய வீடு அது. யாரும் இடிக்காததால் நிற்கிறது.

ஆகவே மேஸ்திரியின் திட்டங்களில் குறை காண வேண்டியதில்லை. எல்லாம் நல்ல திட்டங்களே, ஒன்றொன்றாக எடுத்தால். கிளீவ்லாந்தில் இதுவரை முழுசாகச் சோதிக்காத உபாயம் ஒன்றே ஒன்று: போட்டதை ஆறவிடுவது. இதை அவரிடம் சொன்னால் சண்டைக்கு வர மாட்டார். நியாயம் தெரிந்தவர், முகமூடியைக் கழற்றிவிட்டு ஆற அமரக் கேட்பார், தலையும் ஆட்டுவார். “சரியா சொன்னீங்க. அஞ்சு வருஷம், யாரும் எதையும் தொடக்கூடாது. பொறுமையாத்தான் இருக்கணும்” என்பார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அதுக்கு முன்னாடி இப்ப இருக்கறதை மட்டும் ஒரு தடவை இடிச்சிட்டு ஆரம்பிச்சா நல்லது” என்பார்.